படமே இல்லாத விளையாட்டு

நெவேனா முதன்முதலில் என்னிடம் வந்தது கழுத்துவலிக்காக. ரூஸே நகரின் பழைய மருத்துவமனையில் தரைத்தளத்துக் கடைசி அறை என்னுடையது. படம் எடுத்துப் பார்த்துவிட்டு 'எலும்பில் ஒன்றும் இல்லை' என்று மருத்துவர்கள் சொல்லி அனுப்புகிறவர்களெல்லாம் கடைசியில் என் மேசையில் வந்து குப்புறப் படுப்பார்கள். எனக்குப் பார்வை கிடையாது. சின்ன வயதிலேயே போய்விட்டது. பல்கேரியாவில் பார்வையில்லாதவர்கள் நிறையப் பேர் இந்த மசாஜ் வேலைக்குத்தான் வருகிறோம். அதனால் என் கையில் கழுத்தைக் கொடுக்க யாரும் தயங்குவதில்லை.

மற்றவர்கள் படுத்ததும் எங்கே வலிக்கிறது என்று ஆரம்பிப்பார்கள். இவள் ஆரம்பித்தது வேறு.

"இந்த ரூம்ல ஒரு மூலையில ஏதோ பெரிசா, மெத்துன்னு இருக்கா?"

"ஏன் கேக்குறீங்க?"

"நீங்க இருமினீங்க. இடது பக்கம் சத்தம் திரும்பி வரவே இல்ல."

இடது மூலையில் துவைக்கப் போக வேண்டிய போர்வைகள் மலையாகக் கிடந்தன. கண் தெரிகிற ஒருத்தி அதைக் காதால் கண்டுபிடித்தது எனக்குப் பிடித்திருந்தது. என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டேன்.

"சத்தம் செய்யுற வேலை" என்றாள்.

நகரத்துக்கு வெளியே ஒரு கம்பெனி இருக்கிறது. சூதாட்ட இயந்திரங்களுக்கு மென்பொருள் எழுதி உலகம் முழுக்க அனுப்புகிறார்கள். அதில் இவள் பத்து வருடமாக ஒலி அமைப்பவள். காசு கொட்டுவது, சக்கரம் சுழல்வது, ஜெயித்தால் வருகிற கும்மாளம் எல்லாமே இவள் கைவேலை. அவள் பெயர் கம்பெனியில் பேசப்பட்டது ஒரே ஒரு சத்தத்துக்காக. இரண்டு படம் ஒன்றுபோல் வந்து, மூன்றாவது மயிரிழையில் தவறிப்போகும்போது வருகிற சத்தம் அது. தோற்றவனைத் 'தோற்றாய்' என்று சொல்லாமல் 'அடடா, இன்னும் ஒரே தடவை' என்று சொல்கிற சத்தம்.

ஒருநாள் மாலை கடைசி ஆளாக வந்திருந்தாள். வேலை முடிந்து இருவரும் மின்பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தோம். வழியில் ஒரு சூதாட்டக்கூடத்தின் கதவு திறந்தது. உள்ளேயிருந்து அந்தச் சத்தம் வந்து விழுந்தது.

"எனக்கு இது தெரியும். தினமும் இந்த இடத்துல என் காலு தானா மெதுவாகும்" என்றேன்.

"அது என்னோடது" என்றாள். அந்தக் கதவைத் தாண்டும்வரை வேகமாக நடந்தாள்.

*

மறுவாரம் தன் மடிக்கணினியைக் கொண்டுவந்தாள். மசாஜ் முடிந்து எழுந்து உட்கார்ந்தவள், கொஞ்ச நேரம் பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

"ஸ்டாமென், உங்களுக்கு அடுத்த ஆள் எப்ப?"

"வர்றதா சொன்னவர் வரல. என்ன விஷயம்?"

"நான் ஒரு விளையாட்டு செஞ்சிட்டிருக்கேன். மூணு வருஷமா. அதுல படமே கிடையாது. ஹெட்போன் மட்டும்தான். யார்கிட்டயும் சொன்னதில்ல."

"புருஷன்கிட்ட?"

"கம்ப்யூட்டர்ல ஏதோ பண்றேன்னு அவருக்குத் தெரியும். என்னன்னு கேட்டதில்ல. நானும் சொன்னதில்ல. சொன்னா எப்ப முடியும்னு கேப்பாங்க இல்ல?"

ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். நான் ஒரு படகில் இருந்தேன். தன்யூப் நதியில் மூடுபனி இறங்கியிருக்கிறது. கரை தெரியவில்லை. எங்கோ ஒரு தீவில் மாட்டிக்கொண்ட பெண் ஒருத்தி கூப்பிடுகிறாள். அவளை ஏற்றிக்கொண்டு கரைக்குப் போக வேண்டும். தவளை, நாணல், எதிரே ருமேனியக் கரையில் நாய், நம் பக்கம் மின்பேருந்து தலைக்கு மேலே கம்பியில் உரசுகிற சத்தம் என்று நதி முழுக்க உள்ளே இருந்தது. நடுவில் ஒரு மணி அடித்துக்கொண்டே வழி காட்டியது. அதன் பின்னாலேயே போனேன். தேநீர் ஆறுவதற்குள் கரைக்கு வந்துவிட்டேன்.

"நல்லா இருந்துதா?"

"இல்ல" என்றேன்.

மசாஜுக்கு வருகிறவர்களிடம் நான் இதைவிட இதமாகப் பேசுவேன். ஆனால் இவள் கேட்டது கழுத்தைப் பற்றி இல்லையே.

"அந்த மணி இருக்கே, அது பின்னாடி ஒரு நாய்க்குட்டிகூடப் போயிடும். நான் தொலைஞ்சு போயிடுவேன்னு நீ பயப்படுற. தொலையறதுக்குத்தானே பனியில விட்ட? அப்புறம், படகுல இருக்கிற ஆளு யாரு? அவனுக்கு மூச்சு இல்ல, சட்டை இல்ல, உக்கார்ற பலகை முனகல. பேய் மாதிரி மிதக்கிறேன்."

"சரி" என்று சொல்லிவிட்டு மடிக்கணினியை மூடினாள். அடுத்த முறைக்கு வரவில்லை. அதற்கடுத்த முறைக்கும் வரவில்லை. ஒரு நல்ல வாடிக்கையை வாயால் கெடுத்துக்கொண்டேன் என்றுதான் நினைத்தேன். டிசம்பர் தொடங்கிய பிறகு, காலணியில் பனியோடு வந்து கதவருகில் நின்றபடியே சொன்னாள்.

"மணியை எடுத்துட்டேன். இப்ப நானே தொலைஞ்சு போறேன்."

இந்த முறை எனக்குக் கரை சேர முடியவில்லை. ஈரக் கம்பளிச் சட்டையின் கனம் தோளில் இருந்தது. துடுப்பு வலிக்க வலிக்க மூச்சு வாங்கியது. தீவை இரண்டு முறை தாண்டிப் போய்விட்டேன். வெளியே காத்திருந்த நோயாளி கதவைத் தட்டியபோதுதான் எங்கே இருக்கிறேன் என்று நினைவு வந்தது.

*

எங்கள் பார்வையற்றோர் சங்கத்தில் தோட்கா அக்கா என்று ஒருத்தி. முப்பது வருடம் தொலைபேசி இணைப்பகத்தில் வேலை செய்தவள். நகரத்தில் யார் யாரோடு சண்டை, யார் யாரோடு சமாதானம் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அவளையும் விளையாட வைத்தோம். சத்தமாகத் திட்டிக்கொண்டே விளையாடினாள். பக்கத்து அறையில் சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வந்துவிட்டார்கள்.

ஹெட்போனைக் கழற்றியதும் அவள் கேட்டது: "இது எங்க கிடைக்கும்?"

"எங்கயும் கிடைக்காது. இன்னும் முடியல" என்றாள் நெவேனா.

"சோஃபியால மார்ச்சுல ஒரு கண்காட்சி இருக்காம். சொந்தமா விளையாட்டு செய்யுறவங்க கொண்டுவந்து வைக்கலாமாம். ரேடியோல சொன்னான். போ."

"அங்கெல்லாம் இருபது வயசுப் பசங்க வருவாங்க, அக்கா."

"உனக்கு என்ன வயசு?"

"முப்பத்தெட்டு."

"முப்பத்தெட்டுல நான் ரெண்டாவது கல்யாணம் பண்ணினேன். அது இதைவிட ஆபத்தான வேலை. போடி."

நெவேனா பதிவு செய்துகொண்டாள். செய்துவிட்டு ஒரு வாரம் எனக்குத் தினமும் போன் செய்து, பெயரைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாமா என்று கேட்டாள். என்னிடம் எதற்குக் கேட்கிறாய் என்றேன். வேறு யாரிடம் கேட்பது என்றாள்.

கணவன் ப்ளாமெனிடம் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. அவன் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுகிறவன். அவள் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "படமே இல்லாத விளையாட்டா? சக்கரம் இல்லாத சைக்கிள் மாதிரியா?" என்றானாம். அதோடு விட்டுவிட்டான். கண்காட்சி அன்று காலையில் ரயில் நிலையத்துக்கு எங்களை வண்டியில் கொண்டுவந்து விட்டதும், பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பானிட்சாவைத் தாளில் சுற்றிக் கொடுத்ததும் அவன்தான். கம்பெனிக்குப் பல் பிடுங்கப் போவதாகச் சொல்லி அவள் விடுப்பு எடுத்திருந்தாள்.

*

அந்தக் கண்காட்சிக் கூடத்தில் நுழைந்ததுமே, நாங்கள் வந்தது வீண் என்று எனக்குப் புரிந்தது. தகரக் கூரை. நூறு திரைகளில் துப்பாக்கிச் சத்தம். எங்கள் மேசைக்கு ஒரு பக்கம் இயந்திர மனிதர்கள் அடித்துக்கொண்டார்கள், இன்னொரு பக்கம் கார்கள் மோதிக்கொண்டன. எங்கள் பக்கம் வருகிறவர்கள் கறுப்புத் திரையைப் பார்த்து நிற்பார்கள்.

"திரை வேலை செய்யலியா?"

"எனக்கும் ஒண்ணும் தெரியல" என்பேன் நான். சிலர் சிரித்தார்கள். சிலர் என் கோலைப் பார்த்துவிட்டு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஓடினார்கள். உட்கார்ந்த ஒன்றிரண்டு பேருக்கும் ஹெட்போனைத் தாண்டி அந்த இரைச்சல் கேட்டது. தவளை எங்கே, நாணல் எங்கே? பாதியில் எழுந்து போனார்கள்.

மதியம் வரை நெவேனா ஹெட்போனைத் துடைத்துத் துடைத்து வைத்தாள். பானிட்சாவைக்கூடத் தொடவில்லை. மூட்டை கட்டிவிடுவாள் என்று நினைத்தேன். அவள் கழிப்பறைக்குப் போய்விட்டு வந்தாள்.

"ஸ்டாமென், எந்திரி. ஹெட்போனை எடுத்துக்கோ. மேசையை நான் தூக்குறேன்." அப்போதுதான் முதன்முறையாக என்னை 'நீ' என்றாள்.

"எங்க போறோம்?"

"கோட்டு மாட்டுற ரூமுக்கு. அங்க நின்னு பேசிப் பாத்தேன். என் குரலே எனக்குத் திரும்பி வரல."

நுழைவாயிலை ஒட்டிக் கோட்டுகளை வாங்கி மாட்டி வைக்கிற நீளமான அறை இருந்தது. மார்ச் ஆனாலும் குளிர் விடவில்லை. நூற்றுக்கணக்கில் கம்பளிக் கோட்டுகள் வரிசையாகத் தொங்கின. அதற்குள் போனதும் கூடத்தின் இரைச்சல் அறுந்து விழுந்தது. அங்கே உட்கார்ந்திருந்த பெண்மணி முதலில் முடியவே முடியாது என்றாள்.

"இது கோட்டு ரூமு. விளையாட்டு ரூமு இல்ல."

"நீங்க ஒரு தடவை விளையாடிப் பாருங்க. பிடிக்கலைன்னா போயிடுறோம்" என்றாள் நெவேனா. கம்பெனியில் கூட்டங்களில் வாயே திறக்காதவள் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அன்று அப்படித் தெரியவில்லை.

அந்தப் பெண்மணி விளையாடினாள். கோட்டைத் திரும்ப வாங்க வந்தவர்கள் காத்திருந்தார்கள். "என்ன பண்றாங்க?" என்று கேட்டவர்களுக்கு நெவேனாவே விளக்கினாள். கோட்டு வாங்க நின்ற வரிசை கொஞ்ச நேரத்தில் விளையாட நிற்கிற வரிசையாகிவிட்டது. கோட்டுகளுக்கு நடுவில் நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்து துடுப்புப் போட்டார்கள். ஒரு பையன் தீவுப் பெண்ணின் குரலைக் கண்டுபிடித்ததும் "கேக்குது! கேக்குது!" என்று கத்தினான்.

மாலையில் ஒருவர் வந்து தன் கோட்டைக் கேட்டார். குரலைக் கேட்டதும் நெவேனாவின் கை என் முழங்கையை இறுக்கியது.

"நெவேனா? பல் எப்படி இருக்கு?"

அவர்தான் காவ்ரில். கம்பெனியின் முதலாளி. கண்காட்சிக்குப் பணம் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

"பல் நல்லா இருக்கு" என்றாள். அதற்குமேல் பொய் வரவில்லை. "இது நான் செஞ்சது."

காவ்ரில் கோபப்படவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார். நீண்ட நேரம் விளையாடினார். எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டு, "இவ்வளவு நாளா இதை எங்க ஒளிச்சு வச்சிருந்த?" என்றார். அது பாராட்டுத்தான். அதற்குப் பின்னாலேயே, "ஒப்பந்தத்துல என்ன இருக்குன்னு ஞாபகம் இருக்கில்ல? நம்ம ஆளுங்க செய்யுற மென்பொருள் எல்லாம் நம்ம கம்பெனியோடது. திங்கக்கிழமை பேசுவோம். சந்தோஷமான விஷயமாத்தான் பேசுவோம்" என்றார்.

திரும்பி வருகிற ரயிலில் நெவேனா பானிட்சாவை எடுத்து எனக்குப் பாதி கொடுத்தாள். ஆறிப்போய் ரப்பர் மாதிரி இருந்தது. இருவரும் மென்றோம்.

*

காவ்ரில் சொன்ன சந்தோஷமான விஷயம் இதுதான்: நெவேனா ஒலிப் பிரிவுக்குத் தலைவி. தனி அறை, இரண்டு உதவியாளர்கள், கூடுதல் சம்பளம். விளையாட்டு கம்பெனிக்கு. யோசிக்க நேரமும் கொடுத்தார்.

ப்ளாமென் ஏற்றுக்கொள் என்றான். அதில் தப்புச் சொல்ல ஒன்றுமில்லை. "மூணு வருஷம் சும்மா செஞ்சதுக்கு ஒருத்தன் கூப்பிட்டுப் பதவி குடுக்குறான். இதைவிட என்ன வேணும், நெவே?" என்றான். அவளும் கிட்டத்தட்ட ஒத்துக்கொண்டாள். என்னிடம் வந்து, "தனி ரூம் கிடைச்சா நல்லா வேலை செய்யலாம், இல்ல?" என்று கேட்டாள். செய்யலாம் என்றேன். கையில் வந்த பதவியை உதறு என்று சொல்ல நான் யார்?

அப்புறம் ஒரு மாலை மசாஜ் நேரமே இல்லாத நேரத்தில் வந்தாள்.

"காவ்ரில் ஒண்ணு அனுப்பியிருக்கார். எனக்கு ஆச்சரியமா இருக்கட்டும்னு, கண்காட்சிக்கு நான் குடுத்திருந்த பிரதியை எடுத்து அவரு ஆளுங்களை வச்சு செஞ்சாராம். நீ கேளு."

கேட்டேன். முதலில் மூடுபனி. அவளுடைய தவளைகள், அவளுடைய தண்ணீர். அதன் மேல் சக்கரங்கள் சுழல ஆரம்பித்தன. ஒரு படம் விழுந்தது. இரண்டாவது விழுந்தது. மூன்றாவது தவறிப்போனது. உடனே அந்தத் தீவுப் பெண்ணின் குரல், தூரத்திலிருந்து, ஆசையாக: 'இங்கேதான் இருக்கேன்... இந்தப் பக்கம் வா...'

அது நெவேனாவின் சொந்தக் குரல். அந்தப் பெண்ணுக்கு அவளே பேசியிருந்தாள்.

நான் ஹெட்போனைக் கழற்றினேன். அவள் சிரித்தாள். சிரிப்பு நின்றது. எழுந்து அறையில் இங்குமங்கும் நடந்தாள்.

"நல்லா வேலை செஞ்சிருக்காங்க. அதான் கஷ்டமே. ரொம்ப நல்லா வேலை செய்யும் இது. ஜனங்க எந்திரிக்கவே மாட்டாங்க."

"என்ன பண்ணப் போற?"

"நாளைக்குக் காலையில நீ லீவு போட முடியுமா? என்கூட வர்றியா? நீ பேச வேண்டாம். யாராவது கூட இருந்தா நான் பாதியில சரின்னு சொல்லிட மாட்டேன்."

*

காவ்ரிலின் அறையில் கம்பளம் தடிமனாக இருந்தது. எனக்கு நாற்காலி காட்டிவிட்டு, "இவரு வக்கீலா?" என்று கேட்டார்.

"மசாஜ் பண்றவர்" என்றாள் நெவேனா.

"எதுக்கு வந்திருக்கார்?"

"காபி நல்லா இருக்கும்னு சொன்னாங்க" என்றேன். காபி வந்தது. நன்றாகவே இருந்தது.

நெவேனா உட்காரவில்லை. இருமிவிட்டு ஆரம்பித்தாள்.

"நீங்க அனுப்பினதைக் கேட்டேன். எனக்கு வேண்டாம். பதவியும் வேண்டாம். நான் வேலையை விடறேன். விளையாட்டு என்னோடது, எடுத்துட்டுப் போறேன்."

"உக்காரு முதல்ல."

"உக்காந்தா ஒத்துக்குவேன். நிக்கிறேன்."

காவ்ரில் சிரித்துவிட்டார். பிறகு பொறுமையாகப் பேசினார். ஒப்பந்தம், வக்கீல், வழக்கு என்று எல்லாம் சொன்னார். மிரட்டுகிற தொனி இல்லை. மருந்தின் பக்க விளைவுகளை மருத்துவர் சொல்வதுபோல் சொன்னார். நெவேனா எல்லாவற்றையும் கேட்டாள்.

"அதை என் சொந்த லேப்டாப்புல, என் வீட்டுச் சமையலறையில, ஞாயித்துக்கிழமைல செஞ்சேன். வழக்குப் போட்டா யாரு ஜெயிப்பாங்கன்னு எனக்குத் தெரியாது. நீங்களே ஜெயிக்கலாம். ஆனா உங்க கைக்கு வர்றது பாதி விளையாட்டு. மீதி இன்னும் செய்யல. அதைச் செய்ய உங்ககிட்ட ஆளு இல்ல."

"பத்து வருஷமா உனக்கு நான் என்ன குறை வச்சேன்?"

"ஒரு குறையும் வைக்கல. இங்க செஞ்ச சத்தமெல்லாம் உங்களோடது. அதுல ஒண்ணைக்கூட நான் தொட மாட்டேன். என் எடத்துக்கு வர்ற ஆளுக்கு எல்லாத்தையும் சொல்லிக்குடுத்துட்டுத்தான் போவேன். கோடை முழுக்க ஆனாலும் சரி. நீங்க அனுப்பினதுலேர்ந்து அந்தக் குரலை மட்டும் நீக்கிடுங்க. அது என் குரல்."

காவ்ரில் நாற்காலியைத் திருப்பிக்கொண்டார். சக்கரம் கிறீச்சிட்டது. வெளியே யாரோ தாள் அச்சடித்துக்கொண்டிருந்தார்கள்.

"குருடங்களுக்கு விளையாட்டு செஞ்சு யாராவது பொழைச்சிருக்காங்களா?" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "தப்பா நினைக்காதீங்க" என்றார்.

"நினைச்சுட்டேன். நீங்க பேசுங்க" என்றேன்.

"குருடங்களுக்குன்னு செய்யல. கேக்கத் தெரிஞ்ச எல்லாருக்கும்தான்" என்றாள் நெவேனா.

அன்றே முடிவாகவில்லை. வக்கீல்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டார்கள். கடைசியில் காவ்ரிலுக்கும் வழக்கு நடத்த ஆசை இல்லை. இயந்திரங்களுக்கு அடுத்த ஒலியாள் தயாராவதுதான் அவருக்கு அவசரம். நெவேனா செப்டம்பர் வரை இருந்து சொல்லிக்கொடுத்தாள். அந்தக் குரலையும் நீக்கிவிட்டு, விளையாட்டில் கம்பெனிக்கு உரிமை இல்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். விடைபெறும்போது காவ்ரில், "பனி உருகுறதுக்குள்ள திரும்பி வருவ" என்றாராம். அவள் திரும்பிப் போகவில்லை. ஆனால் அந்தக் குளிர்காலத்தில் போகலாமா என்று பல முறை யோசித்தாள். அதை அவளே என்னிடம் சொன்னாள்.

*

ப்ளாமென் இரண்டு நாள் வீட்டுக் கணக்கையே புரட்டிக்கொண்டிருந்தான். மூன்றாவது நாள், "ஒரு வருஷம் பாப்போம். அப்புறம் சேந்து யோசிப்போம்" என்றான். நவம்பரில் நதியில் மூடுபனி இறங்கியதும் துறைமுக நண்பனிடம் படகு இரவல் வாங்கிவந்து, மனைவியை நடு ஆற்றுக்குக் கூட்டிப்போனான். இயந்திரத்தை அணைத்துவிட்டு மணிக்கணக்கில் சும்மா உட்கார்ந்திருப்பார்களாம். அவள் ஒலிப்பதிவு செய்வாள். அவனுக்குத் தும்மல் வரும். ஒரு தும்மலை அவள் விளையாட்டில் அப்படியே வைத்துவிட்டாள்: பனிக்குள் எங்கோ, முகம் தெரியாத இன்னொரு படகுக்காரன். துறைமுகத்தில் அவன் அதை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

எனக்கும் அவளுக்கும் ஒரு பெரிய சண்டை வந்தது. கரை சேர்ந்தால் மதிப்பெண் வேண்டும் என்றேன் நான். எத்தனை சீக்கிரம் வந்தாய், எத்தனை முறை மோதினாய், யார் முதலிடம், இதெல்லாம் வேண்டும். தோட்கா அக்காவைத் தோற்கடிக்க எனக்கு ஒரு வழி வேண்டாமா? நெவேனாவின் விளையாட்டில் அப்படி எதுவுமே இல்லை. கரைக்கு வரலாம். வராமல் அந்தப் பெண்ணோடு பேசிக்கொண்டே ஆற்றில் சுற்றலாம். தும்மின ஆளைத் தேடிப் போகலாம்.

"அப்ப ஜெயிக்கிறதே கிடையாதா?" என்றேன்.

"கிடையாது."

"ஜெயிக்காத விளையாட்டை யாரு வாங்குவா? என் பேச்சைக் கேட்டுத்தானே மணியை எடுத்த? இதையும் கேளு."

"மணியைப் பத்தி நீ சொன்னது சரி. இது சரியில்ல. ஜெயிக்கிற சத்தம் பத்து வருஷம் செஞ்சேன், ஸ்டாமென். எனக்குப் போதும்."

"விளையாடப் போறது நான்."

"செய்யுறது நான்."

காவ்ரிலிடம் பேசியபோது அவள் குரல் நடுங்கியது. என்னிடம் பேசியபோது நடுங்கவே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். ஒரு மாதம் நாங்கள் கழுத்தைப் பற்றி மட்டும் பேசினோம். இன்றைக்கும் நான் சொன்னதுதான் சரி என்று நினைக்கிறேன்.

விளையாட்டு அடுத்த வசந்தத்தில் வெளிவந்தது. கோடிக்கணக்கில் ஒன்றும் விற்கவில்லை. முதல் வாரம் விற்றதைப் பார்த்து அவள் படுக்கையை விட்டு எழவில்லை. அப்புறம் பிரேசிலில் பார்வையில்லாத ஒருவர் தன் வானொலி நிகழ்ச்சியில் பேசினார். அங்கிருந்து போலந்துக்குப் போனது, அங்கிருந்து எங்கெங்கோ போனது. வாங்கியவர்களில் பாதிக்கு மேல் கண் தெரிகிறவர்கள். திட்டி எழுதியவர்களும் உண்டு: 'முடிவு எங்கே? பணத்தைத் திருப்பிக் கொடு.' அதை நான் சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். குடும்பத்துக்கு அது மட்டும் போதவில்லை. தயிர் விளம்பரம், வங்கி விளம்பரம் என்று அவ்வப்போது ஒலி செய்து கொடுக்கிறாள். ஒரு வருடம் முடிந்தபோது, சேர்ந்து யோசிப்போம் என்று சொன்ன ப்ளாமென் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. செருப்புக் கடைக்கு மேலே அவள் வாடகைக்குப் பிடித்த அறையின் சுவருக்குப் பழைய மெத்தைகளை அவனே கொண்டுவந்து அடித்துக் கொடுத்தான்.

காவ்ரிலின் கம்பெனியிலிருந்து போன மாதம் ஒரு பெண் விலகி இவளிடம் சேர்ந்தாள். காவ்ரில் போன் செய்தார். நான் அங்கே இருந்தேன்.

"என் ஆளுங்களைத் திருடுற" என்றார்.

"நான் கூப்பிடல. அவளா வந்தா. சம்பளம் உங்களை மாதிரி தர முடியாதுன்னு சொன்னேன். அதுக்கும் சரின்னுட்டா."

"நீ பண்ணினதை நானும் விளையாடினேன். அந்தத் தும்முறவன் கிட்டப் போகவே முடியல."

"இன்னும் கொஞ்சம் தேடுங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

இப்போது இரண்டாவது விளையாட்டு நடக்கிறது. பத்து மாடிக் கட்டடம், கரண்டு போய்விட்டது, மாடிப்படியில் கதவு கதவாகக் கேட்டுக்கொண்டே இறங்க வேண்டும். மூன்றாம் மாடிக் கிழவி வேஷம் தோட்கா அக்காவுக்கு. நேற்று அவளை மெத்தைச் சுவர்களுக்கு நடுவில் உட்கார வைத்து, பேச வேண்டியதை நெவேனா படித்துக் காட்டினாள்.

"இதெல்லாம் ஒரு கிழவி பேசுற பேச்சா?" என்றாள் தோட்கா அக்கா. "மூணாம் மாடியில இருக்கிறவளுக்கு நாலாம் மாடிக்காரியைப் பத்திச் சொல்ல ஒண்ணுமே இல்லியா? நகரு." ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, யாரோ ஒரு நாலாம் மாடிக்காரியைப் பற்றி ஆரம்பித்தாள். புதிதாக வந்த பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நெவேனா பதிவை நிறுத்தவில்லை.